முந்நூற்று ஐந்து

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில்
இன்சூரன்சும் ரோட்டேக்சும் புதுப்பித்துத் தருகிறேன்.
பகலெல்லாம் பிறர் வண்டிகளின் எண்கள்.
ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு
என் சொந்த எண்கள்,
கோடு போட்ட நோட்டில், பென்சிலால்.

ஹார்விங்டன் என்றொரு கார்.
தோட்டத்துத் துரைமார்களுக்கென்றே
கப்பலில் வந்து இறங்கியதாம்.
செய்த கம்பெனி எரிந்தது,
கணக்குப் புத்தகமும் சேர்ந்து.
மொத்தம் எத்தனை செய்தார்கள்?
யாருக்கும் தெரியாது. யாருக்கும் தேவையும் இல்லை.
எனக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு.

தேடியதில் கிடைத்தவை ஆறு.
முப்பத்தொன்று, கோலப் பிலா வக்கீல் வீட்டில் உறைபோட்டு நிற்கிறது.
எண்பத்தெட்டில் கோழி அடைகிறது.
நூற்று நாற்பது, வெறும் சேசி,
செம்பனைக்கு நடுவே கால்வாய்க்குப் பாலமாய்க் கிடக்கிறது.
குலை வெட்டும் வங்காளதேசத்து ஆட்கள்
அதன்மேல் தள்ளுவண்டி ஓட்டுகிறார்கள்.
நான் குப்புறப் படுத்து டார்ச் அடித்தபோது
ஒருவர் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.
இருநூற்று மூன்று. இருநூற்று அறுபத்தாறு.
பிறகு முந்நூற்று ஐந்து,
சவரிமுத்துவின் பட்டறைக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள்.

கணக்கு கஷ்டமில்லை.
கண்ட எண்ணில் பெரியதோடு உலகம் முடிவதில்லை.
கண்டவற்றுக்கு இடையே சராசரி எவ்வளவு காலியோ
அவ்வளவு காலி
அதற்கு அப்பாலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.
முந்நூற்று ஐந்தை ஆறால் வகுத்து
அதன் தலையிலேயே ஏற்றி, ஒன்றைக் கழித்தால்
முந்நூற்று ஐம்பத்தைந்து, ஏறக்குறைய.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து
கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எட்டிப் பார்த்தார்.
"அது முந்நூத்தஞ்சு இல்லம்மா.
எழுபத்தி நாலுல சேசி துருப்பிடிச்சி ஒடைஞ்சிச்சி.
துண்டு வெட்டி ஒட்டி, நம்பரத் திரும்ப நாந்தான் அடிச்சேன்.
பஞ்ச் பெட்டியில ரெண்டு தொலைஞ்சி போச்சி.
மூணு இருந்திச்சி. மூணையே அடிச்சேன்.
ஆபீஸ்ல யாரு குனிஞ்சி பாத்தா?"

இருநூற்று ஐந்து.
மறுபடி வகுத்தேன். முந்நூற்று ஒன்பது.
விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று தொலைந்ததால் பிறந்த
நாற்பத்தாறு கார்கள்
என் கோப்பி ஆறுவதற்குள் இல்லாமல் போயின.
சிலவற்றுக்கு நான் நிறம்கூட வைத்திருந்தேன்.

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, மற்ற ஐந்தின்மேல்.
எந்த எண்ணை எந்தக் கை அடித்தது?
கம்பெனியே பதினொன்றில் தொடங்கியிருந்தால்?
ஆகாதென்று பதின்மூன்றைத் தாண்டியிருந்தால்?
சிரம்பானில் என் பல் டாக்டர் கட்டடத்து லிப்டில்
மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்துதான்.
எண்ணிக்கொண்டு ஏறினால் தவறான கதவில் நிற்போம்.

ஆனால் வீடு திரும்பும்போது தோன்றியது:
இருநூற்று மூன்றும் ஐந்தும் இப்போது பக்கத்துப் பக்கத்தில்.
நடுவே ஒன்றே ஒன்று.
ஒரே வாரத்தில், அதே ஆட்கள்
முடுக்கியிருப்பார்கள் அதன் திருகுகளையும்.
காணாத இத்தனையில்
பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியது அதுதான்:
இருநூற்று நான்கு.
மற்றதெல்லாம் கூட்டம்.

அடுத்த வாரம் சவரிமுத்து கேட்டார்,
ஹார்டுவேர் கடையில் புது ரெண்டு வாங்கிவிட்டாராம்,
திருத்தி அடிக்கட்டுமா?
உள்ளங்கையில் அது பளபளவென்று, தலைகீழாய் இருந்தது.

வேண்டாம் என்றேன்.
பின்னால் யாராவது டார்ச்சோடு வந்து
இந்தப் புல்லில் முட்டி போடுவார்கள்.
அவர்களுக்கும் கிடைக்கட்டும்
ரோட்டேக்ஸ் கட்டாத நாற்பத்தாறு வண்டிகள்,
ஒரு ஞாயிறு வரைக்குமாவது.